போலிக் கிரைண்டர் விற்ற கடைக்காரர் மீது யார் வழக்குப் போடலாம்?

பெங்களூரு பீன்யாவில் சிறிய வெல்டிங் பட்டறை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எஸ்.ஜே.பி. ரோட்டில் ஒரு கடையில் பெயர் பெற்ற கம்பெனியின் நாலு அங்குல ஆங்கிள் கிரைண்டர் வாங்கினேன். ஒரிஜினல் விலைதான் கொடுத்தேன். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கியர் இறுகி, கட்டிங் வீல் உடைந்து, என்னிடம் வேலை பார்க்கும் பையனின் முன்கையைக் கிழித்துவிட்டது. தையல் போட்டு வீட்டில் இருக்கிறான். சர்வீஸ் சென்டரில் கழற்றிப் பார்த்து, 'இது எங்கள் தயாரிப்பே இல்லை' என்றார்கள். கடைக்காரர் 'எனக்கு ஒன்றும் தெரியாது, ஹோல்சேலில் வந்த சரக்கு' என்கிறார். போலீசில் 'கம்பெனிக்காரர்கள் வந்து புகார் கொடுக்கட்டும்' என்று அனுப்பிவிட்டார்கள். என்னால் ஏதாவது செய்ய முடியுமா, அண்ணா?"

முடியும், தம்பி. போலீசில் சொன்னதில் பாதிதான் உண்மை. டிரேட் மார்க், அதாவது பொருளின் மேல் இருக்கும் பெயரும் சின்னமும், கம்பெனியின் சொத்து. அதைத் தவறாகப் பயன்படுத்தியவர் மீது தடையாணையும் நஷ்டஈடும் கேட்டு வழக்குப் போடும் உரிமை கம்பெனிக்குத்தான் உண்டு. ஆனால் காசு கொடுத்து ஏமாந்தது நீங்கள், காயம்பட்டது அந்தப் பையன். அதற்குச் சட்டத்தில் தனி வழி இருக்கிறது. அந்த வழியில் போக நீங்கள் கம்பெனியின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. இந்த நகரத்து நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளில் கம்பெனிக்காகவும் கடைக்காரர்களுக்காகவும் வாதாடியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எந்த வழியில் போனாலும் கடைக்காரரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "இதை யாரிடம் வாங்கினீர்கள்?" அவர் பில்லை எடுத்துக் காட்டுகிறாரா, கையை விரிக்கிறாரா என்பதைப் பொறுத்தே மற்றதெல்லாம் நடக்கும்.

அதற்கு முன்னால் உங்கள் கையில் இருப்பதைக் காப்பாற்றுங்கள். கிரைண்டரைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "கொண்டு வாருங்கள், புதியது தருகிறேன்" என்பார். கொடுத்த கணமே உங்கள் வழக்கும் அதோடு போய்விடும். பெட்டி, வாரண்டி அட்டை, உடைந்த வீல் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். சர்வீஸ் சென்டர் வாயால் சொன்னதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், தயங்கினால் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, சீரியல் எண்ணையும் படங்களையும் இணைத்து, "இது உங்கள் தயாரிப்பா?" என்று ஒற்றை வரியில் கேளுங்கள். அதற்கு வரும் பதில்தான் எந்த மன்றத்திலும் உங்கள் முதல் ஆவணம்.

வீல் துண்டுகளை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கடைக்காரரின் வக்கீல் எழுப்பப்போகும் முதல் வாதமே, "கிரைண்டரில் குறையில்லை, நீங்கள் மாட்டிய வீல்தான் மட்டம்" என்பதாக இருக்கும். நல்ல கட்டிங் வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்: 'வி' என்ற எழுத்தோடு காலாவதி மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். ரெசினால் பிணைத்த வீலுக்கு, தயாரித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுதான் ஆயுள். முகப்பில் வினாடிக்கு 80 மீட்டர் என்ற வேக வரம்பும், அதற்குரிய சிவப்புப் பட்டையும் இருக்கும். 100 மில்லிமீட்டர் வீலுக்கு அந்த வரம்பு நிமிடத்துக்குச் சுமார் 15,300 சுற்று. உங்கள் வீல் காலாவதி ஆகாதது, வரம்பு சரியானது என்று அந்த வளையம் காட்டிவிட்டால், பழி கிரைண்டர் பக்கம் நகரும். போலிக் கிரைண்டரின் தகட்டில் அச்சிட்ட சுற்று எண்ணுக்கும் அது உண்மையில் சுற்றும் வேகத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆய்வகம் அதை அளந்து சொல்லும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: வீலை மறைக்கும் பாதுகாப்பு மூடியை, அதாவது கார்டை (guard), கழற்றிவிட்டு ஓட்டினீர்களா? பல பட்டறைகளில் அதுதான் பழக்கம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 87-வது பிரிவு, பொருளைத் தவறாகப் பயன்படுத்தினாலோ மாற்றி அமைத்தாலோ விற்றவர் தப்பிக்க இடம் தருகிறது. கார்டு இருந்ததென்றால் அதன் படம் வேண்டும். இல்லையென்றால் உங்கள் வக்கீலுக்கு அது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது பில். ஜி.எஸ்.டி. பதிவுள்ள வியாபாரி 200 ரூபாய்க்கு மேற்பட்ட விற்பனைக்குப் பில் கொடுத்தே ஆக வேண்டும். மார்க்கெட்டில் 'எஸ்டிமேட்' என்று தலைப்பிட்ட துண்டுச் சீட்டைத்தான் கையில் திணிப்பார்கள். உங்களிடம் இருப்பது எது என்று பாருங்கள். பில்லில் பதினைந்து இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்கும், கர்நாடகக் கடை என்றால் அது 29 என்று தொடங்கும். அந்த எண்ணை அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் போட்டுப் பார்த்தால் கடையின் சட்டப்படியான பெயரும் முகவரியும் வந்துவிடும். நோட்டீஸ் அனுப்ப அந்தப் பெயர்தான் வேண்டும். பெயர்ப் பலகையில் இருப்பது போதாது. பில்லில் கம்பெனிப் பெயரும் மாடலும் எழுதியிருந்தால் உங்கள் கை வலுவாகிறது. வெறுமனே 'கிரைண்டர் - 1' என்றிருந்தால், "நான் அந்தக் கம்பெனிப் பொருள் என்று சொல்லி விற்கவே இல்லை" என்பார். சீட்டுகூட இல்லை என்றாலும் சோர்ந்துவிடாதீர்கள். யூ.பி.ஐ. மூலம் பணம் கட்டிய பதிவு, விலை பேசிய வாட்ஸ்அப் உரையாடல், பெட்டியில் ஒட்டிய கடை ஸ்டிக்கர் எல்லாமே சான்றுதான். போனில் உள்ளவற்றை மன்றத்தில் வைக்க, 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 63-வது பிரிவு கேட்கும் சான்றிதழை இணைக்க வேண்டும். அதற்காகவாவது போனை மாற்றாமல், எதையும் அழிக்காமல் வையுங்கள்.

உங்கள் வழக்குக்கு உரிய இடம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், அசல் என்று பொய்யாகச் சொல்லப்படும் பொருள் 'போலிப் பொருள்' என்று தனியாகவே வரையறுக்கப்பட்டிருக்கிறது. "பட்டறைக்காக வாங்கியது வியாபார நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லக்கூடும். பயப்படாதீர்கள். சுயதொழில் செய்து பிழைக்கிறவர் அதற்காகவே வாங்கிய பொருளை வியாபார நோக்கத்தில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே விளக்கம் தந்திருக்கிறது. லட்சுமி எஞ்சினியரிங் வொர்க்ஸ் என்ற நிறுவனத்துக்கும் நம் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கும் நடந்த வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது. தானே இயந்திரத்தை ஓட்டிப் பிழைக்கிறவர் துணைக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டால்கூட நுகர்வோர்தான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் பட்டறை அந்த வரம்புக்குள் வருகிறது. இருபது பேர் வேலை செய்யும் தொழிற்சாலையாக இருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

அந்தப் பையனையும் மனுதாரராகச் சேருங்கள். வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோரே என்கிறது சட்டம். காயத்துக்கான இழப்பீட்டை 'பொருள் பொறுப்பு' என்ற அத்தியாயத்தின் கீழ் கேட்கலாம். அங்கே 86-வது பிரிவைக் கவனியுங்கள். தயாரித்தவர் யார் என்றே தெரியாத நிலையில், விற்றவர் அந்தப் பொறுப்பைச் சுமக்க வேண்டும். போலிப் பொருளுக்குத் தயாரிப்பாளர் முகவரி இருக்காது. எனவே "ஹோல்சேலில் வந்தது" என்ற பதில் கடைக்காரரைக் காப்பாற்றாது. ஹோல்சேல்காரரின் பெயரும் பில்லும் வந்தால், அவரையும் இரண்டாம் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளலாம். கிரைண்டரின் விலையை இந்த அத்தியாயத்தில் கேட்க முடியாது. நியாயமற்ற வணிக நடைமுறை என்று அதே மனுவில் தனியாகக் கேட்க வேண்டும்.

செலவு பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார்க் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பது கட்டாயமில்லை. நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்து ஆணையத்திலேயே போடலாம். இ-ஜாக்ரிதி தளத்தில் இணைய வழியாகவும் தாக்கல் செய்யலாம். நிகழ்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆய்வகச் சோதனை தேவைப்படாவிட்டால் மூன்று மாதத்திலும், தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும். அதற்கு மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார் பதிந்து வையுங்கள். பல கடைக்காரர்கள் அந்த அழைப்பு வந்ததுமே இறங்கி வருகிறார்கள்.

இனி குற்ற வழக்கு. அதே நுகர்வோர் சட்டத்தின் 91-வது பிரிவு பலருக்குத் தெரிவதில்லை. போலிப் பொருளை விற்று அதனால் காயம் ஏற்பட்டால் ஓராண்டு வரை சிறையும் மூன்று லட்சம் வரை அபராதமும், கொடுங்காயம் என்றால் ஏழாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 116-வது பிரிவின்படி, பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அன்றாட வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். அதனால்தான் சொல்கிறேன்: பையன் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்பதை மருத்துவரின் காயச் சான்றிதழில் எழுதி வாங்குங்கள். அவன் மருந்துச் செலவையும் அந்த நாட்களின் கூலியையும் இப்போதைக்கு நீங்களே கொடுத்துவிடுங்கள். ரசீதை வைத்துக்கொண்டு பிறகு கடைக்காரரிடம் கேட்கலாம். பையனைக் காக்க வைக்கக் கூடாது.

ஏமாற்றி விற்றதற்கு சம்ஹிதையின் 318-வது பிரிவு இருக்கிறது. நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் துணை கமிஷனருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அதற்கும் பலனில்லை என்றால் பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 175-வது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். போலீசார் கம்பெனியைக் கேட்டதற்கும் ஓர் அடிப்படை உண்டு. 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் (டிரேட் மார்க்) சட்டத்தில் 103, 104 பிரிவுகள் போலிச் சின்னம் ஒட்டுவதையும் அந்தச் சரக்கை விற்பதையும் குற்றமாக்குகின்றன. ஆறு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வாரண்ட் இல்லாமல் சோதனை போடலாம், ஆனால் டி.எஸ்.பி. அல்லது அதற்குச் சமமான பதவிக்குக் குறையாத அதிகாரிதான் போட வேண்டும், அதுவும் டிரேட் மார்க் பதிவாளரின் கருத்தைப் பெற்ற பிறகுதான். கர்நாடகம் சென்னை கிண்டியில் உள்ள டிரேட் மார்க் பதிவகத்தின் எல்லையில் வருகிறது. இதற்குக் கம்பெனியின் பதிவுச் சான்றிதழ் இல்லாமல் யாரும் முதல் அடிகூட எடுத்து வைக்க மாட்டார்கள்.

கம்பெனி வக்கீல்கள் இங்கே ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள். லோகோ ஒரு கலைப் படைப்பு என்பதால், பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 63-வது பிரிவையும் புகாரில் சேர்ப்பார்கள். அந்தச் சட்டத்தில் சப்-இன்ஸ்பெக்டரே பறிமுதல் செய்யலாம். பதிவாளரிடம் கேட்க வேண்டியதில்லை. 63-வது பிரிவுக் குற்றம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடியது, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காதது என்று 2022 மே மாதம் நிட் புரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எனவே உங்கள் மின்னஞ்சல் கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போய்ச் சேர்வது முக்கியம். கடையின் முகவரி, பில், பெட்டியின் படம் மூன்றும் சேர்ந்து வரும் புகாரை எந்தக் கம்பெனியும் அலட்சியம் செய்யாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் அவர்கள் தனியார் துப்பறிவாளர்களுக்குக் காசு கொடுக்கிறார்கள்.

கம்பெனி உரிமையியல் வழக்கைத் தேர்ந்தெடுத்தால், பெங்களூரில் அது சிட்டி சிவில் கோர்ட்டின் வணிக நீதிமன்றத்துக்குப் போகும். அவசரத் தடையாணை கேட்டால் வழக்குக்கு முந்தைய சமரசப் பேச்சு தேவையில்லை. முதல் நாளே, எதிர்த்தரப்புக்குத் தெரியாமல், நீதிமன்றத்தின் சார்பில் போய்ச் சோதிக்கும் வக்கீல் கமிஷனரை நியமித்துக் கடைக்கு அனுப்ப முடியும். அப்படிப் போன ஒரு கடையைச் சொல்கிறேன். முன்பக்க அலமாரியில் இருந்ததெல்லாம் அசல் சரக்கு. பின்னால் பரணில் பெயரே இல்லாத பச்சை நிறக் கிரைண்டர்கள் அட்டைப் பெட்டியில் வரிசையாகக் கிடந்தன. பக்கத்துப் பையில் மடித்த காலிப் பெட்டிகள், ரோலாகச் சுற்றிய ஸ்டிக்கர்கள், இரண்டு வேறு கம்பெனிகளின் வாரண்டி அட்டைகள். வாடிக்கையாளர் எந்தப் பெயரைக் கேட்கிறாரோ அந்த ஸ்டிக்கர் அப்போது ஒட்டப்படும். கமிஷனர் ஒவ்வொன்றையும் எண்ணி, படமெடுத்து, சாக்கில் போட்டுத் தைத்து அரக்கு முத்திரை வைத்து, பட்டியலில் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, பெரும்பாலும் அவர் பொறுப்பிலேயே விட்டுவருவார். முத்திரையை உடைத்தால் நீதிமன்ற உத்தரவை மீறியதாகிவிடும். சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதம் வரை சிவில் சிறையில் வைக்கலாம்.

நஷ்டஈடு எவ்வளவு என்பது கடைக்காரரின் நடத்தையைப் பொறுத்தது. 2019-இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் வழக்கொன்றில் டெல்லி உயர் நீதிமன்றம் படிப்படியாக வகுத்தது: தெரியாமல் முதல் முறை விற்றவருக்குத் தடையாணை மட்டும், தெரிந்தே செய்தவருக்கு வழக்குச் செலவில் ஒரு பங்கும், திரும்பத் திரும்பச் செய்தவருக்கு நஷ்டஈடும் சேரும். குற்ற வழக்கிலும் இதே அளவுகோல்தான். போதிய எச்சரிக்கையோடு இருந்தேன், சந்தேகப்படக் காரணம் இல்லை, கேட்டவுடன் யாரிடம் வாங்கினேன் என்ற முழுத் தகவலையும் கொடுத்தேன் என்று காட்டினால், 104-வது பிரிவே கடைக்காரரை விடுவிக்கிறது.

எஸ்.ஜே.பி. ரோட்டில் தலைமுறை தலைமுறையாக நேர்மையாக வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர், அவர்களில் நம் ஆட்களும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: ஏஜென்ட் கொண்டுவந்து இறக்கும் சரக்கைப் பில் இல்லாமல் உள்ளே விடாதீர்கள். இறக்குமதிப் பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு எண் இவையெல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. அவை இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். "நாங்கள் கம்பெனியின் ஆட்கள்" என்று சொல்லி நாலு பேர் வந்து பரணில் ஏறினால், நீதிமன்ற உத்தரவின் நகலையோ போலீஸ் அதிகாரியையோ கேளுங்கள். தனியார் துப்பறிவாளருக்குச் சரக்கைத் தொடும் அதிகாரம் கிடையாது. அந்த இடத்திலேயே "செட்டில்" செய்யப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், அதுவே ஒரு குற்றம். ஆனால் முத்திரையோடு வரும் கமிஷனரைத் தடுக்காதீர்கள். என் அனுபவத்தில், சின்னக் கடைகளில் நாலு பெட்டியைப் பிடித்துவிட்டுக் குடோனைத் தொடாமல் போகும் ரெய்டால் அடுத்த மாதமே அதே சரக்கு பக்கத்துத் தெருவில் கிடைக்கிறது. கம்பெனிகள் மேலே ஏறிப் போக வேண்டும். துறைமுகத்திலேயே நிறுத்த 2007-ஆம் ஆண்டின் சுங்க விதிகள் இருக்கின்றன. தங்கள் சின்னத்தைச் சுங்கத் துறையில் பதிந்து வைத்தால் சந்தேகச் சரக்கை அதிகாரிகள் நிறுத்திவைப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை: வாரண்டி இல்லாததெல்லாம் போலி அல்ல. வெளிநாட்டில் விற்ற அசல் கருவியை வேறொருவர் இங்கே கொண்டுவந்து விற்பதை 2012-இல் சாம்சங் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அனுமதித்தது. கம்பெனி வாரண்டி இல்லை என்பதைத் தெளிவாக எழுதி வைத்தால் போதும். அதனால்தான் சர்வீஸ் சென்டரின் பதிலில் "எங்கள் தயாரிப்பு அல்ல" என்று இருக்கிறதா, "எங்கள் வாரண்டியில் வராது" என்று இருக்கிறதா என்பதைக் கூர்ந்து படியுங்கள். இரண்டாவது என்றால் உங்கள் வழக்கு வேறு வடிவம் எடுக்கும்.

இதே பொருளை இணையத்தில் வாங்கியிருந்தால், விற்றவரின் முகவரியைத் தளத்திடம் எழுதிக் கேட்கலாம். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர்கள் கொடுத்தாக வேண்டும். குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

இந்த வாரத்திலேயே கடைக்காரருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். வசை வேண்டாம், வாங்கிய தேதி, தொகை, நடந்தது, கம்பெனியின் பதில், நீங்கள் கேட்கும் தொகை, கடைசியாக அந்த ஒரு கேள்வி: இந்தச் சரக்கை யாரிடம், எந்தத் தேதியில், எந்தப் பில்லில் வாங்கினீர்கள்? பதிலுக்குப் பதினைந்து நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் அந்த மௌனமும் உங்களுக்குச் சாதகமாக ஆணையத்தின் முன் போகும். மனுவைக் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள்; தமிழில் உள்ள வாட்ஸ்அப் உரையாடலை மொழிபெயர்த்து இணைக்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கேட்கலாம். பட்டியல் சாதி, பழங்குடியினர், பெண்கள், தொழிற்சாலைத் தொழிலாளர் ஆகியோருக்கு வருமான வரம்பு கிடையாது; அந்தப் பையன் எந்தப் பிரிவில் வருகிறான் என்று கேட்டுவிட்டு அவன் பெயரிலும் விண்ணப்பம் கொடுங்கள்.